கம்பிவழி இணையம் தடுமாறுவது ஏன்?
வீட்டிலேயே பழுது கண்டறியும் முறை

தோட்டப்புற வீடுகளில் ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி வகித்த இடத்தை இன்று இணையப் பெட்டி வகிக்கின்றது. பிள்ளைகளின் பள்ளிப் பாடம், வங்கிக் கணக்கு, அரசாங்க உதவிக்கான விண்ணப்பம், வெளியூரில் வேலை செய்யும் மகனோடும் மகளோடும் முகம் பார்த்துப் பேசுதல் ஆகிய யாவும் அதன் வழியே நடைபெறுகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, பள்ளிகளும் மூடப்பட்டிருந்த வேளையில், இணையம் ஓர் ஆடம்பரமன்று, அரிசி பருப்பைப் போல் வீட்டுக்கு வேண்டிய பொருளே என்பதை நாம் அனைவரும் உணர்ந்தோம்.

ஆயினும், மாதந்தோறும் பணம் கட்டிப் பெறும் இணையம் மந்தமாக ஓடினாலோ அடிக்கடி அறுபட்டாலோ என் செய்வது? பெரும்பாலோர் மூன்று காரியங்களைச் செய்கின்றனர். “நீ விளையாடியே கெடுத்துவிட்டாய்” என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்கின்றனர். அல்லது, கடைக்குச் சென்று புதுப் பெட்டி ஒன்றை வாங்கி வருகின்றனர். அதுவும் பயன் தராவிடில், கூடுதல் கட்டணம் செலுத்தி அதிக வேகமுள்ள திட்டத்திற்கு மாறுகின்றனர். இம்மூன்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய காரியம் வேறொன்று உண்டு. பெட்டிக்கும் கணினிக்கும் இடையே ஓடும் கம்பியைச் சோதித்துப் பார்ப்பதே அது. சில வெள்ளி விலையுள்ள ஒரு கம்பியின் குறையால் பல நூறு வெள்ளி வீணாவதைத் தடுக்கும் வழிகளை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இணையம் வீட்டிற்குள் வரும் பாதை

முதலில், இணையம் நம் கணினியை வந்தடையும் பாதையை அறிந்துகொள்வோம். நிறுவனத்தின் நிலையத்திலிருந்து கண்ணாடி இழை ஒன்று வீட்டுச் சுவர் வரை வருகின்றது. ஒளியின் வடிவில் வரும் செய்தியை மின்வடிவாக மாற்றுவது சுவரோரம் உள்ள சிறிய பெட்டி. அதிலிருந்து குட்டையான கம்பி ஒன்று ரூட்டர் என்னும் பெட்டிக்குச் செல்கின்றது. வீட்டிலுள்ள கருவிகள் பலவற்றுக்கும் இணையத்தைப் பங்கிட்டு வழங்குவது இந்த ரூட்டரே. நம்மில் பலர் இதனை ‘மோடம்’ என்றே அழைத்துப் பழகியுள்ளோம். சில வீடுகளில் இவ்விரு பெட்டிகளும் ஒன்றாகவே அமைந்திருக்கும். ரூட்டரின் பின்புறமுள்ள சதுரத் துளைகளிலிருந்து கம்பி ஒன்று கணினிக்கோ தொலைக்காட்சிக்கோ செல்கின்றது. இந்தக் கடைசிக் கம்பியைப் பற்றியே நாம் சிறப்பாகப் பேச விரும்புகிறோம்.

கண்ணாடி இழை எட்டாத தோட்டங்களில், கைப்பேசிக்கு உள்ளது போன்ற சிம் அட்டை பொருத்திய ரூட்டர் பயன்படுகின்றது. அங்கு இணையம் தொலைத்தொடர்புக் கோபுரத்திலிருந்து காற்றின் வழியே வருகின்றது. ஆயினும் பெட்டிக்கும் கணினிக்கும் இடையே ஓடுவது அதே வகைக் கம்பிதான். ஆகவே, கீழே கூறப்படும் முறைகளுள் பெரும்பாலானவை இரு வகையினர்க்கும் பொருந்தும்.

மரம் வெட்டுவோர்க்கு ஒன்று நன்கு தெரியும். நல்ல மரத்தில் மங்கு நிறையவில்லையெனில், அவர் உடனே மரத்தைக் குறை கூறுவதில்லை. வெட்டுக்கோட்டைப் பார்க்கின்றார், பால் வழியும் தகரத்தைப் பார்க்கின்றார், மங்கு சாய்ந்துள்ளதா என்று பார்க்கின்றார். பால் வரும் பாதையை அங்கமங்கமாகப் பிரித்து ஆராய்கின்றார். இணையத்தின் பழுதைக் கண்டறியும் முறையும் இதுவேயாகும். பாதையைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். கம்பி, பெட்டி, துளை ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றிவிட்டால், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது விளங்காமற் போய்விடும்.

முதற் சோதனை: பழுது உள்ளேயா, வெளியேயா?

தொடக்கத்தில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். கம்பியில் இணைந்த கணினி மட்டும் மந்தமாக உள்ளதா, அல்லது கம்பியில்லாமல் வைஃபை வழி இயங்கும் கைப்பேசிகளும் அவ்வாறே உள்ளனவா? ரூட்டரின் அருகில் நின்று கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். கைப்பேசி விரைவாகவும் கணினி மந்தமாகவும் இருப்பின், வெளியிலிருந்து வரும் இணையத்தில் குறையில்லை. கம்பியிலோ, துளையிலோ, கணினியிலோதான் குறையுள்ளது. இரண்டுமே மந்தமாயின், ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ குறையிருக்கலாம்.

அடுத்து, கணினிக்கும் ரூட்டருக்கும் இடையிலான பாதையைத் தனியே சோதிக்கலாம். விண்டோஸ் கணினியில் ‘கமாண்ட் பிராம்ட்’ என்னும் கருப்புப் பலகையைத் திறந்து, ‘பிங்’ என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ரூட்டரின் முகவரியைத் தட்ட வேண்டும். அம்முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பதாக இருக்கும். ரூட்டரின் அடிப்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளிலும் அதனைக் காணலாம். கணினி நான்கு முறை ரூட்டரைக் கூப்பிட்டு, விடை வர எவ்வளவு நேரமாயிற்று என்று தெரிவிக்கும். முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்துத் தட்டினால், நாம் நிறுத்தும் வரை தொடர்ந்து கூப்பிட்டுக்கொண்டேயிருக்கும்.

நல்ல கம்பியாயின் ஒவ்வொரு விடையும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்தில் வந்து சேரும். ஒரு விடையும் தவறாது. விடைகள் சில வராமற் போனாலோ, வரும் நேரம் மிகவும் ஏறி இறங்கினாலோ, பழுது வீட்டிற்குள்ளேதான் உள்ளது. அந்நிலையில் நிறுவனத்தைக் குறை கூறுவதால் பயனில்லை. சோதனை நடந்துகொண்டிருக்கும்பொழுதே கம்பியின் இரு முனைகளையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்பொழுது விடை தவறுமாயின், குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான் என்று கொள்ளலாம்.

மாறாக, ரூட்டரின் விடைகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்க, இணையம் மட்டும் அறுபடுமாயின், உள்ளே ஓடும் கம்பியில் குறையில்லை. சிம் அட்டைப் பெட்டி வைத்திருப்போர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கோபுரம் தொலைவில் இருப்பதாலோ, மாலையில் பலரும் ஒருங்கே பயன்படுத்துவதாலோ ஏற்படும் மந்தத்தை எத்தகைய நல்ல கம்பியாலும் நீக்க இயலாது. பெட்டியைச் சன்னலோரம் நகர்த்தி வைத்துப் பார்ப்பதே அவர்கள் முதலில் செய்ய வேண்டியது.

94 என்னும் எண் உரைக்கும் உண்மை

இனி, இக்கட்டுரையில் நினைவிற்கொள்ள வேண்டிய தலையாய செய்திக்கு வருவோம்.

இணையத்தின் வேகத்தை மெகாபிட் என்னும் அளவால் குறிக்கின்றனர். 100 மெகாபிட் திட்டம் என்றால், ஒரு நொடியில் 100 மெகாபிட் அளவு செய்தி வரக்கூடும் என்பது பொருள். ஆனால், கணினியில் ஒரு கோப்பை இறக்கும்பொழுது காட்டப்படுவது பெரும்பாலும் மெகாபைட் என்னும் வேறோர் அளவு. 8 மெகாபிட் சேர்ந்தது 1 மெகாபைட். ஆகவே 100 மெகாபிட் வேகத்தில் நொடிக்கு 12.5 மெகாபைட்டே இறங்கும். இவ்வேறுபாடு அறியாமல், ‘நூறு என்று சொல்லிப் பன்னிரண்டுதான் தருகிறார்கள்’ என வருந்துவது வேண்டாம்.

வீட்டுக் கம்பிகளுக்குள் எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள் உள்ளன. அவை இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக அமைந்திருக்கும். கம்பிவழிக் கணினி இணைப்பு முறையான ஈதர்நெட், 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1995இல் தரப்படுத்தப்பட்ட 100 மெகாபிட் முறைக்கு நான்கு இணைகளுள் இரண்டே போதுமானவை. 1999இல் தரப்படுத்தப்பட்ட 1000 மெகாபிட் முறைக்கோ நான்கு இணைகளும் வேண்டும். எட்டுக் கம்பிகளுள் ஒன்று பழுதாயினும் அவ்வேகம் கிட்டாது.

இங்கேதான் சூட்சுமம் உள்ளது. எட்டில் ஒரு கம்பி அறுந்தால், இணைப்பு எப்பொழுதும் நின்றுபோவதில்லை. பல கருவிகள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மீதமுள்ள இரண்டு நல்ல இணைகளைக் கொண்டு 100 மெகாபிட் முறையில் இயங்கத் தொடங்கும். விளக்கு எரியும், இணையமும் வரும். வீட்டாருக்கு எந்த ஐயமும் எழாது. ஒவ்வொரு செய்தித் துண்டோடும் முகவரி முதலிய குறிப்புகளும் சேர்ந்து செல்வதால், 100 மெகாபிட் முறையில் நமக்குக் கிட்டும் பயனுள்ள வேகம் சுமார் 94 மெகாபிட். 1000 மெகாபிட் முறையிலோ அது சுமார் 940 மெகாபிட் வரை செல்லும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். 300 மெகாபிட் திட்டத்திற்குப் பணம் கட்டுகின்றனர். கம்பிவழிக் கணினியில் வேகத்தைச் சோதித்தால் 93, 94, 94 என்றே வருகின்றது. காலையில் சோதித்தாலும் நள்ளிரவில் சோதித்தாலும் அதே எண். வேகம் போதவில்லையென்று 500 மெகாபிட் திட்டத்திற்கு மாறுகின்றனர். மாதக் கட்டணம் ஏறுகின்றது. கணினியில் எண்ணோ 94ஐத் தாண்டவில்லை. இவர்கள் வெளியே ஆற்றை அகலப்படுத்தினார்கள். வீட்டு வாசலில் அடைத்துக்கொண்டிருந்த குழாயைப் பார்க்கவில்லை.

நிறுவனத்தின் பக்கம் ஏற்படும் நெரிசலால் வேகம் குறைந்தால், அது நேரத்திற்கு நேரம் மாறும். இரவு எட்டு மணிக்கு 60, விடியற்காலையில் 280 என்பது போல் ஏறியிறங்கும். எந்நேரமும் 94இலேயே நின்றால், பழுது கம்பியிலோ, துளையிலோ, கருவியிலோ உள்ளது என்பதற்கு அதைவிடச் சிறந்த அடையாளம் இல்லை. 100 மெகாபிட் அல்லது அதற்குக் குறைந்த திட்டம் பெற்றோர்க்கு இவ்வெண்ணால் ஐயம் எழ வேண்டியதில்லை. அவர்களுக்கு அது இயல்பான வேகமே.

கணினியே இதனை நேரடியாகத் தெரிவிக்கும். விண்டோஸ் கணினியில் ‘செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, ‘நெட்வொர்க்’ பகுதியில் ‘ஈதர்நெட்’ என்பதைத் தேர்ந்தால், ‘லிங்க் ஸ்பீட்’ என்னும் வரி தென்படும். அங்கு 1000 என்றிருப்பின் கம்பி நலம். 100 என்றிருப்பின் ஆராய வேண்டும்.

கம்பியில் நேரும் குறைகள்

கம்பி கெடுவதற்கான காரணங்கள் பல. அவற்றுள் நம் வீடுகளில் நேரக்கூடியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, செருகியின் சிறு நாக்கு ஒடிதல். துளைக்குள் செருகும்பொழுது ‘டக்’கென்று பிடித்துக்கொள்வது அந்நாக்கே. அது ஒடிந்தால் செருகி தளர்ந்து, யாரேனும் மேசையை நகர்த்தினாலும் இணைப்பு அறுபடும். ஒட்டுத்தாள் சுற்றிச் சமாளிப்பதைக் காட்டிலும் கம்பியை மாற்றுவதே நன்று.

இரண்டாவது, கதவிடுக்கிலும் நாற்காலிக் காலடியிலும் கம்பி நசுங்குதல். ஆணி வைத்து இறுக்கி அடித்தல். மூலையில் கூர்மையாக மடக்குதல். மடிப்பின் வளைவு ஓர் அங்குலத்திற்குக் குறையாமல் இருக்குமாறு பார்த்துக்கொள்க.

மூன்றாவது, எலிக்கடி. கூரைப் பலகைக்கு மேலே ஓடும் கம்பியை ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்வையிட வேண்டும். மேலுறை மட்டும் கடிபட்டிருந்தாலும் ஈரம் உட்புகுந்து செம்பை அரித்துவிடும்.

நான்காவது, வெயிலும் மழையும். வீட்டிற்குள் பயன்படுத்துவதற்கென்று செய்யப்பட்ட கம்பியின் மேலுறை வெளிவெயிலில் நாளடைவில் வெடித்துப்போகும். வெளியே ஓட வேண்டிய கம்பிக்கு அதற்கென்றே செய்யப்பட்ட வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஐந்தாவது, மின்கம்பியோடு ஒட்டி ஓடுதல். மின்கம்பியும் இணையக் கம்பியும் ஒரே குழாய்க்குள் செல்லலாகாது. அது உயிருக்கும் ஆபத்து. இரண்டும் குறுக்கிட நேர்ந்தால், சிலுவை போல் நேர்க்குறுக்காகக் கடக்கச் செய்க.

ஆறாவது, தரக்குறைவு. கம்பியின் மேலுறையில் அதன் வகை அச்சிடப்பட்டிருக்கும். ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ என்றிருப்பின் 1000 மெகாபிட்டிற்கு ஏற்றது. வெறும் ‘கேட் 5’ என்றிருக்கும் பழைய கம்பியை மாற்றுதல் நலம். சில மலிவுக் கம்பிகளில் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியிருப்பர். அவை எளிதில் முறியும். முழுச் செம்புக் கம்பியா என்று கடையில் கேட்டு வாங்குக. ரூட்டரிலிருந்து கருவி வரை கம்பியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது என்பது இம்முறையின் விதி. வீட்டிற்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியிராது. மிகுதியாக வாங்கிச் சுருட்டி வைக்காமல், தேவையான நீளத்தையே வாங்குவது சிக்கனம்.

இவற்றைச் சோதிக்கும் எளிய வழி ஒன்று உண்டு. நல்லதெனத் தெரிந்த குட்டையான கம்பி ஒன்றை அண்டை வீட்டாரிடமிருந்து இரவல் பெறுங்கள். கணினியை ரூட்டரின் அருகே கொண்டுசென்று, அக்கம்பியால் இணைத்துச் சோதித்துப் பாருங்கள். வேகம் சரியாக வந்தால், பழைய கம்பியே பழுது. வராவிடில், அதே கம்பியை ரூட்டரின் வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். அப்பொழுதும் வராவிடில், வேறொரு கணினியைக் கொண்டு பாருங்கள். மூன்றே மாற்றங்களில் பெரும்பாலும் குறையுள்ள இடம் புலப்பட்டுவிடும்.

சுவரோரப் பெட்டியிலிருந்து ரூட்டருக்குச் செல்லும் குட்டைக் கம்பியையும் மறந்துவிடலாகாது. அதில் குறையிருப்பின், வீடு முழுவதுமே 94இல் நின்றுவிடும்.

நிறவரிசையில் நேரும் தவறு

கம்பியை வாங்கி, முனைகளில் தாமே செருகி பொருத்துவோர் நம்மிடையே உண்டு. கைத்திறனுள்ள இளைஞர்கள் இதனைக் கற்றுக்கொள்வது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நிறவரிசையில் தவறு நேர்ந்தால், கம்பி இயங்குவது போல் தோன்றி ஏமாற்றும்.

வழக்கமான வரிசை இதுவாகும்: 1. வெள்ளை–ஆரஞ்சு, 2. ஆரஞ்சு, 3. வெள்ளை–பச்சை, 4. நீலம், 5. வெள்ளை–நீலம், 6. பச்சை, 7. வெள்ளை–பழுப்பு, 8. பழுப்பு. செருகியின் நாக்கு கீழ்ப்புறமாகவும், கம்பி நுழையும் வாய் நம்மை நோக்கியும் இருக்கப் பிடித்து, இடப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். இரு முனைகளிலும் ஒரே வரிசை அமைதல் வேண்டும்.

பச்சை இணையின் இரு கம்பிகளும் அடுத்தடுத்து அமையாமல், நீல இணையைக் கவ்விக்கொண்டு 3ஆம் இடத்திலும் 6ஆம் இடத்திலும் அமைந்திருப்பதைக் கவனிக்க. ‘இணை இணையாக வைத்தால் அழகாயிருக்குமே’ என்றெண்ணிச் சிலர் வெள்ளை–பச்சைக்கு அடுத்துப் பச்சையை வைத்துவிடுகின்றனர். விலை குறைந்த சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காகவே எரியும். அக்கருவி கம்பி தொடர்ந்து ஓடுகிறதா என்பதை மட்டுமே பார்க்கின்றது. ஆனால், முறுக்கப்பட்ட இணையிலிருந்து ஒரு கம்பியும், வேறோர் இணையிலிருந்து ஒரு கம்பியும் சேர்ந்து செய்தியைச் சுமக்க நேர்வதால், ஒன்றன் செய்தி மற்றொன்றில் கலந்து கெடுகின்றது. கெட்ட செய்தி மீண்டும் மீண்டும் அனுப்பப்படுவதால் வேகம் குன்றுகின்றது. கம்பிகளை முறுக்கியிருப்பதே இக்கலப்பைத் தடுப்பதற்காகத்தான். எனவே, செருகிக்குள் நுழையும் இடத்தில் வேண்டிய அளவுக்கு மேல் முறுக்கைப் பிரிக்கலாகாது.

ரூட்டரில் கவனிக்க வேண்டியன

கம்பியில் குறையில்லையெனில் அடுத்துப் பார்க்க வேண்டியது ரூட்டர். அதன் துளைகள் 1000 மெகாபிட்டிற்கு உரியனவா என்பதை முதலில் அறிய வேண்டும். விலை குறைந்த சில பெட்டிகளில் துளைகள் 100 மெகாபிட் அளவோடு நின்றுவிடும். அத்தகைய பெட்டியில் எந்தக் கம்பியைச் செருகினாலும் 94தான் வரும். அட்டைப் பெட்டியிலோ கையேட்டிலோ ‘கிகாபிட்’ என்னும் சொல் உள்ளதா என்று பார்க்க. புதிதாக வாங்க நேரிட்டாலும் இச்சொல்லைக் கேட்டே வாங்குக.

துத்தநாகத் தகரக் கூரையின் கீழ் பகல் நேரத்து வெப்பம் எத்தகையது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரூட்டரை அலமாரிக்குள் பூட்டி வைப்பதும், மேலே துணி போர்த்துவதும், தொலைக்காட்சியின்மேல் அடுக்குவதும் கூடா. காற்றோட்டமுள்ள இடத்தில், சுவரிலிருந்து சற்றே விலக்கி வைக்க வேண்டும். நண்பகலில் அறுபட்டு, இரவில் ஒழுங்காக ஓடுமாயின், வெப்பத்தின்மேல் ஐயம் கொள்ளலாம்.

மின்சாரம் வழங்கும் சிறு கட்டையும் நாளடைவில் வலுவிழக்கும். அப்பொழுது ரூட்டர் தானே அணைந்து அணைந்து எரியும். மாற்றும்பொழுது, பழைய கட்டையில் எழுதியுள்ள வோல்ட் அளவும் புதியதன் வோல்ட் அளவும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆம்பியர் அளவு பழையதற்குக் குறையலாகாது. வேறு கருவியின் கட்டை துளையில் பொருந்துகிறதே என்று செருகினால் பெட்டியே கருகிப்போகக்கூடும்.

துளைகளைப் பெருக்கும் ‘சுவிட்ச்’ பெட்டி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க. ஒரே கம்பியின் இரு முனைகளையும் தவறுதலாக அதே பெட்டியில் செருகிவிட்டால், செய்திகள் வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, வீடு முழுவதும் இணையம் நின்றுபோகும். பெட்டி தூசு தட்டப்பட்ட நாளிலிருந்து இணையம் வரவில்லையெனில், இதனை முதலில் பாருங்கள்.

கணினியிலோ ரூட்டரிலோ கம்பியின் வேகத்தைக் கையால் நிர்ணயிக்கும் அமைப்பு இருந்தால், அதனைத் தானியங்கு நிலையிலேயே விட்டுவிடுக. ஒரு பக்கம் கையால் நிர்ணயிக்கப்பட்டு, மறுபக்கம் தானாக இயங்கினால், ஒன்று ஒரே வேளையில் பேசவும் கேட்கவும், மற்றொன்று மாறி மாறி மட்டுமே பேசவும் முற்பட்டு, செய்திகள் மோதிக் கெடும்.

ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் எரியவிடுவது தீங்கற்றது. பல வேளைகளில் பயனும் தரும். ஆனால், நாள்தோறும் அவ்வாறு செய்ய நேர்ந்தால், அது குணமன்று, நோயின் அறிகுறி. மேலும் ஓர் எச்சரிக்கை: ரூட்டரின் பின்புறம் ‘ரீசெட்’ என்றெழுதிய ஊசித்துளை ஒன்று உண்டு. அதனைக் குத்திப் பிடித்தால் நிறுவனம் பதித்து வைத்த குறிப்புகள் யாவும் அழிந்துபோகும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையிலிருந்தாலன்றி இணையம் திரும்பாது. பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்பது பெற்றோர் கடமை.

இடி மின்னல்: உயிர்ப் பாதுகாப்பு

நம் நாட்டில் இடியும் மின்னலும் மிகுதி. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் மாதத்திலும் பிற்பகல் வேளைகளில் இடியுடன் கூடிய மழை அடிக்கடி பெய்கின்றது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் ரூட்டரின் மின்கம்பியும், கணினிக்குச் செல்லும் செப்புக் கம்பியும் கடத்தும். வானம் இருண்டவுடன், இடி நெருங்குவதற்கு முன்பே இரண்டையும் கழற்றிவிடுதல் வேண்டும். இடி முழங்கிக்கொண்டிருக்கும்பொழுது கம்பியைத் தொடலாகாது. பெட்டி போனால் வாங்கலாம். உயிர் போனால் வாங்க இயலாது.

கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளக் கருதி, ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குக் கூரை வழியாகச் செப்புக் கம்பி இழுப்பதும் இடரானது. மின்னல் அருகில் இறங்கினாலும் அக்கம்பி அதனை இரு வீடுகளுக்குள்ளும் கொண்டுவரும். மின்னலுக்குப் பின் ஒரு துளை மட்டும் செயலற்றுப்போவதோ, 100 மெகாபிட்டிற்கு இறங்கிவிடுவதோ உண்டு. அந்நிலையில் வேறு துளையில் செருகிப் பார்க்கலாம்.

கண்ணாடி இழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் தகாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் கண்ணுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும்.

நிறுவனத்திடம் முறையிடும் முறை

சுவரோரப் பெட்டியில் ‘லாஸ்’ என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இழை முறிந்திருக்கலாம். இது நம்மால் சீர்செய்யத்தக்கதன்று. உடனே நிறுவனத்திற்கு அறிவிக்க வேண்டும். அவ்வாறே, நல்ல குட்டைக் கம்பியால் ரூட்டரோடு நேரே இணைத்துச் சோதித்த பின்னும் வேகம் குன்றியே இருப்பின், முறையிட நமக்கு முழு உரிமை உண்டு.

முறையிடுவதற்கு முன்பு, ஒரு தாளில் மூன்று நாள்களுக்குக் குறிப்பு எழுதுங்கள். தேதி, மணி, கிடைத்த வேகம், கம்பிவழிச் சோதித்ததா என்பன அதில் இடம்பெறட்டும். காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் சோதிப்பது நன்று. “இணையம் சரியில்லை” என்று சொல்வதற்கும், “கம்பியால் நேரே இணைத்துச் சோதித்தேன், மூன்று நாளும் இரவு ஒன்பது மணிக்கு இவ்வளவே வந்தது” என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னதைத் தட்டிக்கழிப்பது எளிதன்று. முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளவும் மறவாதீர். நிறுவனம் தீர்வு காணாவிடில், 1998ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் அக்குறிப்போடு முறையிடலாம். பெட்டி நிறுவனம் கொடுத்ததாயின், புதியதை விலைக்கு வாங்குமுன் அதனை மாற்றித் தருமாறு நிறுவனத்தையே கேட்க.

செய்ய வேண்டியன: ஒரு சுருக்கம்

1. கைப்பேசியிலும் கம்பிவழிக் கணினியிலும் வேகத்தைச் சோதித்து ஒப்பிடுக.
2. ‘பிங்’ ஆணையால் ரூட்டரைக் கூப்பிட்டு, விடை தவறுகிறதா என்று பார்க்க.
3. ‘லிங்க் ஸ்பீட்’ 1000 என்றுள்ளதா, 100 என்றுள்ளதா என்று பார்க்க.
4. நல்ல குட்டைக் கம்பியால் மாற்றிப் பார்க்க, பின்னர்த் துளையை, பின்னர்க் கணினியை.
5. வெப்பம், மின்கட்டை, தவறான இணைப்பு ஆகியவற்றைக் கவனிக்க.
6. யாவும் சரியாயின், குறிப்பு எழுதி நிறுவனத்திடம் முறையிடுக.

இவற்றைச் செய்வதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும். பள்ளியில் பயிலும் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு செய்வது மிகவும் நன்று. ‘ஏன் இவ்வாறாயிற்று?’ என்று கேட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து விடை காணும் பழக்கமே அறிவியலின் அடிப்படை. அதனைப் பிள்ளைகள் வீட்டிலேயே கற்றுக்கொள்வர். மழையிலும் பனியிலும் உழைத்து ஈட்டிய ஊதியத்தில் ஒரு பகுதியை இணையத்திற்கென்று ஒதுக்குகிறோம். அந்தப் பணத்திற்குரிய பயன் முழுவதும் நம் பிள்ளைகளின் கல்விக்கு வந்து சேர வேண்டும். இடையில் உள்ள ஒரு சிறு கம்பி அதனை மறித்துக்கொண்டிருக்க இடங்கொடுக்கலாகாது.